மஞ்சளும் சுண்ணாம்பும் போதும்

வேதியியல் என்றால் பிள்ளைகளுக்குச் சமன்பாடும் இணைதிறனும்தான் நினைவுக்கு வரும். பெற்றோருக்கோ ‘கெமிக்கல்’ என்றால் காய்கறியில் அடிக்கிற மருந்தும் ஆலைக் கழிவும். இரு தரப்பையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் கண்ணில் பட்டது அவ்வளவுதான்.

ஊர் ஊராகப் போய் வேதியியல் பேசியே வயதானவன் நான். இப்போது அந்த வேலையில் இறங்கும் இளம் ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பெட்டியின் கனத்தைக் குறையுங்கள். பெர்மாங்கனேட்டில் கிளிசரினை ஊற்றித் தீப்பற்ற வைத்தால் கைதட்டல் விழும். ஆனால் பார்த்த பிள்ளை அதை வீட்டில் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. வேடிக்கை பார்க்க வந்தவர் வேடிக்கை பார்த்தவராகவே எழுந்து போவார்.

மஞ்சள்தூளைக் குழைத்து வெள்ளைத் தாளில் தடவி நிழலில் காயவையுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரில் ஒரு சொட்டு அதன்மேல் விட்டால் பளிச்சென்று சிவக்கும். எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சளாகும். (சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, டப்பா உங்கள் கையிலேயே இருக்கட்டும்.) இதைச் செய்யும்போது பெரும்பாலும் பின்னால் நிற்கும் அம்மாமார்கள்தான் முதலில் வாய் திறப்பார்கள். “இது ஆரத்திதானே?” என்பார் ஒருவர். “குழம்புக் கறையில சோப்புப் போட்டா செவக்குமே, அதுவா சார்?” என்பார் இன்னொருவர். அதேதான். மஞ்சளில் உள்ள குர்க்குமின் காரத்தில் நிறம் மாறும். சோப்பு, சுண்ணாம்பு இரண்டும் காரம். வெயிலில் காயப்போட்டால் கறை மங்கிவிடும் என்பதையும் அவரே சொல்லிவிடுவார். ஒளி பட்டுக் குர்க்குமின் சிதைவதுதான் காரணம் என்று மட்டும் நாம் சேர்த்துச் சொன்னால் போதும். பாதிப் பாடத்தை அவர் நடத்தி முடித்திருப்பார்.

அதே தெளிநீரில் குழல் வைத்து நீங்கள் ஊதிக் காட்டினால் நீர் பால்போலக் கலங்கும். மூச்சில் உள்ள கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிறது. பழைய வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சு நாள்பட இறுகுவதும் இதே வினையால்தான். கூட்டத்தில் கொத்தனார் ஒருவர் இருந்துவிட்டால் அன்றைக்கு உங்களைச் சீக்கிரம் விடமாட்டார்.

எளிய பொருளை எடுத்தால் மதிப்புக் குறைந்துவிடுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். மைக்கேல் ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் காலத்தில் தொடங்கி, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு ஆற்றிய ஆறு சொற்பொழிவுகளும் மெழுகுவர்த்தியைப் பற்றியவை. சுடரின் நடுவே கண்ணாடிக் குழாயைச் செருகி, உள்ளிருக்கும் மெழுகு ஆவியை வெளியே கொண்டுவந்து, குழாயின் மறுமுனையில் எரியவைத்துக் காட்டினார். அவரே பைண்டிங் பட்டறையில் தொழில் பழகிய பையன்தான். அங்கே ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் நூலைப் படித்தார். 1812இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். அந்த மார்செட்டும் டேவியின் பொதுச் சொற்பொழிவுகளைக் கேட்டபின் எழுதவந்தவர். டேவி தன் ஆய்வுக்கூடத்தைவிட்டு வெளியே வந்து பேசாமல் இருந்திருந்தால் இந்தச் சங்கிலியே இல்லை.

நம் ஊரில் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் ‘துளிர்’ இதழும் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்கின்றன. கூட்டம் சேர்க்கத் தெரியாதவர்கள் அவர்களோடு போய்ப் பழகலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஊர்க்காரர் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் மழுப்பாதீர்கள். “பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடி மறுபடியும் அந்த ஊருக்குப் போங்கள்.