அப்பா ஒரு நீலப் புள்ளி

இரண்டு வருஷத்துக்கு முன்னால், காப்பித்தூள் வாங்கப் போன அப்பா மத்தியானம் வரை திரும்பவில்லை. செங்கல்பட்டில் எங்கள் வீட்டிலிருந்து கடைக்கு ஐந்து நிமிஷ நடைதான். அம்மா கொளவாய் ஏரிக்கரை வரை தேடிவிட்டு எனக்குப் போன் செய்தாள். சென்னையில் ஆபீஸிலிருந்து ஓடிவந்து ரயில் ஏறினேன். தாம்பரம் தாண்டும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"போஸ்ட்மேன் சார் இங்க உக்காந்திருக்காரு தம்பி. டீ குடிச்சாரு. வீடு எங்கன்னு கேட்டா சொல்லத் தெரியல."

பேசியது கொக்கிலமேட்டிலிருந்து ஓர் அம்மா. மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் மீனவ கிராமம் அது. அப்பாவின் சட்டைப் பையிலிருந்த மாத்திரைச் சீட்டில் என் எண் இருந்திருக்கிறது. திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து, பல வருஷம் தபால் கொடுத்த தெருக்களுக்கே போய்விட்டிருக்கிறார்.

அன்று இரவு அக்கா சொன்னாள்: "அவருக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுடா. கூகுள் மேப்ல லொகேஷன் ஷேர் போடு. ரெண்டு நிமிஷ வேலை."

ரெண்டு நிமிஷ வேலைதான். எனக்குத்தான் மனசு வரவில்லை. என் போனில் கூகுள் கிடையாது. லினியேஜ் ஓஎஸ் போட்டிருக்கிறேன். செயலிகள் எஃப்-ட்ராய்டிலிருந்து வருகின்றன, வழி பார்க்க ஓபன்ஸ்ட்ரீட்மேப். இந்த வைராக்கியத்தில் ஓர் ஓட்டையும் உண்டு. இப்படி மாற்றிய போன்களில் பல வங்கிச் செயலிகள் ஓட மறுக்கும். 2016-இல் யுபிஐ வந்தது. இன்று மாமல்லபுரம் கடற்கரையில் சுண்டல் வாங்கினாலும் க்யூஆர் அட்டையைத்தான் நீட்டுகிறார்கள். அதற்காகவே பையில் சாதாரண ஆண்ட்ராய்டு போன் இன்னொன்று வைத்திருக்கிறேன். என் சுதந்திரத்தின் எடை இரண்டு போன்.

ஆனாலும் அப்பா விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். ஓன்ட்ராக்ஸ் என்று ஒரு திறந்த மூலச் செயலி இருக்கிறது. போன் இருக்கும் இடத்தை எந்தக் கம்பெனிக்கும் அனுப்பாமல், நாம் சொல்லும் சர்வருக்கு மட்டும் அனுப்பும். அது பயன்படுத்தும் எம்க்யூடிடி என்கிற நெறிமுறை 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவானது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வீட்டு அலமாரியில் ஒரு ராஸ்பெர்ரி பையில் அதை ஓடவிட்டேன். வரைபடத்தில் அப்பா ஒரு நீலப் புள்ளியாக நகர்ந்தார். பெருமையாக இருந்தது.

ஒரு சாயங்காலம் மின்சாரம் போய், புள்ளி பழைய பஸ் ஸ்டாண்டிலேயே மூன்று மணி நேரம் நின்றது. அப்பா வீட்டுத் திண்ணையில்தான் இருந்தார். ஊரிலிருந்து அதைப் பார்த்த அக்கா பதறிப் போனாள். "உன் சர்வர் நின்னா யாருடா பாக்கறது? அவங்ககிட்ட அதுக்குன்னு ராத்திரி டியூட்டி ஆள் இருக்கான்" என்றாள். என்னிடம் பதில் இல்லை. வசதி என்று நாம் சொல்வதில் பாதி, யாரோ நமக்காகக் கண்விழிப்பதுதான். யுபிஎஸ் வாங்கி வைத்தேன்.

பெரிய தப்பு வேறு இடத்தில் நடந்தது. அந்த சர்வர் அப்பா போன இடங்களை மாதத்துக்கு ஒரு கோப்பாகச் சேர்த்து வைக்கும். ஆபீஸ் மீட்டிங் அலுத்தால் அதைத் திறந்து பார்க்கப் பழகியிருந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் ரயில் நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்காருகிறார் என்று தெரிந்தது. ஒருநாள் சாப்பிடும்போது வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"ஸ்டேஷன்ல என்னப்பா அவ்ளோ நேரம்?"

கை தட்டிலேயே நின்றது. "உனக்கு யார் சொன்னா?"

போனை எடுத்துக் காட்டினேன். "இது நானா?" என்றார். பிறகு, "எப்பவுமே தெரியுமா?" போன் கொடுத்த அன்று 'பாதுகாப்புக்குத்தான்பா' என்று சொல்லியிருந்தேன். அவரும் தலையாட்டினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது நான்தான்.

கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே பேசினார். "கார்டுக்கு உறை கிடையாது. எழுத்து கண்ணுல படும். கொக்கிலமேட்டுல நிறைய பேருக்கு நான்தான் படிச்சுக் காட்டுவேன். படிங்கன்னு சொன்னா படிப்பேன். சொல்லலன்னா பாக்க மாட்டேன்."

அவர் வேலை பார்த்த காலத்தில் அமலில் இருந்த 1898 தபால் சட்டப்படி, தபால்காரர் உறையைப் பிரித்தால் குற்றம். கார்டைப் படிக்காமல் இருந்தது அவராக வைத்துக்கொண்ட ஒழுங்கு.

ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பை நண்பர்களிடம் நூறு தடவையாவது மேற்கோள் காட்டியிருப்பேன். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்குக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. அதாவது கூகுளைக் கேள்வி கேட்கும் சட்டம் என்னைக் கேட்காது. தரவு யார் சர்வரில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கிற கண் யாருடையது என்று யோசிக்கவே இல்லை. என் அலமாரிக்குள் இருந்தாலும் வேவு வேவுதான்.

அந்த வாரம் அப்பாவை பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் மாற்றினேன். பழைய கோப்புகளை அவர் கண்முன்னே அழித்தேன். இப்போது கடைசியாக இருந்த இடம் மட்டும்தான் தங்கும். முதலில் இரண்டு தடவை போன் செய்ய வேண்டும். எடுக்காவிட்டால்தான் வரைபடத்தைத் திறக்கலாம். யார் திறந்தாலும் அவர் போனுக்கு ஒரு செய்தி போகும்படி சின்னதாக நிரல் எழுதினேன். திறந்த மூலம் என்பதன் அருமை அன்றுதான் எனக்குப் புரிந்தது: பார்க்கப்படுகிறவர் சொல்கிறபடி அதைத் திருத்தலாம். வெளியூர்க் கல்யாணம் என்றால் மட்டும், அக்காவுக்காக, அப்பா போனிலிருந்து கூகுள் பகிர்வையும் சில மணி நேரத்துக்குப் போடுகிறோம். அதுவும் அப்பாவைக் கேட்டுத்தான். இந்த விதிகளை மறந்துவிடக் கூடாதென்று தன் டைரியில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அந்த டைரி இருப்பதையே அவர் மறந்துபோகும் நாள் வரும். அன்றைக்கு யாரைக் கேட்டுவிட்டுப் பார்ப்பது? எந்த மென்பொருளிலும் இதற்கு விடை இல்லை. அவர் தெளிவாக இருந்தபோது எழுதியதை மதிக்க முயல்வேன் என்று மட்டும் சொல்ல முடிகிறது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு தடவை அடித்தும் எடுக்கவில்லை. வரைபடத்தைத் திறந்தேன். அடுத்த நிமிஷமே அவரிடமிருந்து போன்.

"பாத்துட்டியா? ஸ்டேஷன்லதான் இருக்கேன். வந்துடறேன்."

"சரிப்பா" என்றேன். அங்கே என்ன வேலை என்று இன்று வரை கேட்கவில்லை.