பேர் போனால் வீடும் போகும் என்று நினைத்தேன்

என் கணவர் இறந்ததைப் பதினோரு மாதம் வங்கிக்கு நான் சொல்லவில்லை. மாதாமாதம் பதுளைக்குப் போய், அவருடைய கடன் இலக்கத்தில் தவணைக்காசைக் கட்டிவிட்டு, யாரும் எதுவும் கேட்குமுன் வெளியே வந்துவிடுவேன்.

அவர் தோட்டத்து ஆபிஸில் கிளாக்கர், நான் டீச்சர். தெமோதரையில் தோட்டத்துக்கு வெளியே பத்துப் பேர்ச் காணி வாங்கி, அதை ஈடு வைத்து வீடு கட்டினோம். உறுதியும் கடனும் அவர் பேரில். கருமாதி அன்று கொழுந்தன், "அண்ணி, பேங்க்ல சொல்லாதீங்க. ஆள் இல்லன்னு தெரிஞ்சா வீட்ட எடுத்துருவாங்க" என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் லயத்தில் பிறந்தவள். செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் பேர் இருக்கும்வரைதான் லயத்துக் காம்பரா நமக்கு. அப்பா போனபிறகு அக்கா படிப்பை விட்டுவிட்டு மலைக்குப் போனது சம்பளத்துக்காக மட்டுமல்ல, காம்பராவைக் காப்பாற்றவும்தான். அப்படி வளர்ந்த எனக்கு, ஈட்டு முறி வேறு வகைக் காகிதம் என்று தோன்றவே இல்லை.

தவணை கட்டிக் கட்டிச் சீட்டுக்காசு தீர்ந்தது. சங்கிலி அடகுக்குப் போனது. பிறகு மகளின் டியூஷனை நிறுத்தினேன். அக்காவுக்கு நடந்ததையே மகளுக்கும் செய்தேன் என்பதை இன்றும் என்னால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் கணவரின் பெட்டியில் கடன் பத்திரங்களோடு ஓர் ஆங்கிலத் தாள் கிடைத்தது. பாடசாலையில் ஒரு சேர் வாசித்துச் சொன்னார்: கடன் காப்புறுதி. கடன் குறையக் குறையக் காப்புத் தொகையும் குறையும். கடன்காரர் இறந்தால் மிச்சக் கடனைக் காப்புறுதி கம்பெனி வங்கிக்குக் கட்டும். அதற்கான கட்டணத்தைக் கடன் தந்த அன்றே கழித்திருக்கிறார்கள்.

மறுநாள் பதுளை ரயில் தெமோதரை ஸ்டேஷனை விட்டு, மலையைச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்தில் நுழையும்போது அந்தத் தாளை நெஞ்சோடு பிடித்திருந்தேன். "ஏன் டீச்சர் அன்னைக்கே வரல்ல?" என்றார் வங்கியில் இருந்த பெண். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அறிவிக்க வேண்டிய காலம் கடந்திருந்தது. விளக்கக் கடிதம் எழுதினேன். மரணச் சான்றிதழில் அவர் பேர் ஒரு விதம், அடையாள அட்டையில் வேறு விதம். தோட்டத்துப் பிள்ளைகளின் பேரை எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்ததன் பலன். சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து, ஐந்து மாதம் அலைந்தேன். கடைசியில் இறந்த தேதிக் கணக்கில் கடன் தீர்ந்தது. நான் கட்டிய தவணைகள் திரும்பி வந்தன. அடகு வட்டி வரவில்லை.

ஆள் இறந்தார் என்பதற்காக வங்கி வீட்டை எடுப்பதில்லை; தவணை நின்றால்தான் ஏலம். காப்புறுதி இல்லாவிட்டாலும் முதல் மாதமே போனால் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரக் கேட்கலாம். மூடி மறைத்தால் எதையும் கேட்க முடியாது.

ஈட்டை நீக்கும் வேலைக்குப் போனபோது நொத்தாரிசு இன்னும் சிலதைச் சொன்னார். யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை, நமக்குப் பொதுச் சட்டம். உயில் இல்லாததால், 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி வீட்டில் பாதி எனக்கு, பாதி பிள்ளைகளுக்கு. கடன் தீர்ந்தால் போதாது, ஈடு நீங்கியதைக் காணிப் பதிவகத்திலும் பதிய வேண்டும். பதிந்துவிட்டு நேரே அக்காவிடம் போனேன்.

அவள் பதிந்த தாளைத் தடவிப் பார்த்தாள். "நீ வேலய விட்டாலும் அங்கயே இருக்கலாமா?"

"இருக்கலாம் அக்கா."