மைனஸ் பன்னிரண்டு

மைனஸ் வோல்ட் என்றால் ஏதோ பாதாளத்திலிருந்து வரும் மின்சாரம் என்று நினைக்க வேண்டாம். பேட்டரியின் ப்ளஸ் முனையைத் தரை என்று வைத்துக்கொண்டால் அதன் மறுமுனை மைனஸ். அவ்வளவுதான். ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ப்ளஸ் 12, மைனஸ் 12 இரண்டும் வேண்டும் என்கிறபோதுதான் தகராறு.

என் அண்ணன் பையன் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். ப்ராஜெக்ட்டுக்கு ஈ.ஸி.ஜி. ஆம்ப்ளிஃபையர். மார்பில் ஒட்டுகிற எலெக்ட்ரோடில் கிடைப்பது சுமார் 1 மில்லிவோல்ட். பவர் சப்ளை சலசலத்தால் இதயத் துடிப்பு எங்கே, இரைச்சல் எங்கே என்று தெரியாது.

முதல் கெப்பாசிட்டர் 'பட்'டென்று வெடித்தது. பழக்க தோஷத்தில் ப்ளஸ் காலை அவுட்புட்டில் சொருகியிருந்தான். மைனஸ் சப்ளையில் தரைதான் உயரம். ப்ளஸ் கால் தரைக்குத்தான் போக வேண்டும். மாற்றிப் போட்டால் அலுமினியத்தின் மேல் இருக்கும் மெல்லிய ஆக்ஸைடு படலம் கெட்டு, உள்ளே வாயு சேர்ந்து, மண்டை பிளக்கும். இதில் ஒரு விஷமம்: அலுமினிய எலெக்ட்ரோலிடிக்கில் பட்டைக் கோடு மைனஸைக் காட்டும். போர்டில் ஒட்டவைக்கும் குட்டி டாண்டலத்தில் அதே கோடு ப்ளஸ்! யார் கண்டுபிடித்த வழக்கமோ.

இரண்டாவது வெடிக்கவில்லை.

"சித்தப்பா, 100 மைக்ரோஃபாரட் போட்டிருக்கேன். கணக்குப்படி 10 மில்லிவோல்ட்தான் அலையணும். ஸ்கோப்ல 200 காட்டுது."

கணக்கு சரிதான். அவன் சப்ளை 100 கிலோஹெர்ட்ஸில் 200 மில்லிஆம்ப் தர வேண்டும். இந்த மாதிரி சர்க்யூட்டில் காயில் பாதி நேரம் பேட்டரியிடம் வாங்கிக்கொண்டிருக்கும். அந்த 5 மைக்ரோசெகண்ட் வெளியே முழுச் சாப்பாடும் கெப்பாசிட்டர்தான் போட வேண்டும். அடுத்த பாதியில் காயில் திருப்பித் தரும். ஆக கெப்பாசிட்டருக்குள் மைனஸ் 200, ப்ளஸ் 200 என்று 400 மில்லிஆம்ப் ஊசலாட்டம். சாதாரண எலெக்ட்ரோலிடிக்கின் உள்ளே அரை ஓம் ரெஸிஸ்டன்ஸ் ஒளிந்திருந்தால் பெருக்கிப் பாருங்கள்: 200 மில்லிவோல்ட். டப்பா மேல் அச்சடித்திருப்பது தொட்டியின் கொள்ளளவு. குழாய் எவ்வளவு குறுகல் என்று அச்சடிப்பதில்லை.

"அப்ப செராமிக் போட்டுடறேன்" என்றான். செராமிக்கின் உள் ரெஸிஸ்டன்ஸ் சில மில்லி ஓம்தான். ஆனால் அது வேறு விதமாகப் பொய் சொல்லும். 16 வோல்ட், 10 மைக்ரோஃபாரட் என்று விற்கும் கடுகளவு ரகத்தில் 12 வோல்ட்டை ஏற்றினால், கொள்ளளவு பாதிக்கும் கீழே இறங்குவது சகஜம். 50 வோல்ட்டில் கொஞ்சம் பருமனாக வாங்கி மூன்றைப் பக்கம் பக்கமாகப் போடச் சொன்னேன். கூடவே பழைய எலெக்ட்ரோலிடிக்கும் இருக்கட்டும். வேகமான அலையை செராமிக் விழுங்கும். லோடு திடீரென்று ஏறினால் பெரிய தொட்டி கைகொடுக்கும். அலை நாற்பதுக்கு வந்தது. பின்னால் ஒரு சின்ன காயில், இன்னொரு செராமிக் சேர்த்ததும் ஸ்கோப்பில் அதைத் தேட வேண்டியதாயிற்று.

(கெப்பாசிட்டரில் சக்தி சேர்வது தகடுகளில் இல்லை, நடுவில் இருக்கிற இடைவெளியில். சிதம்பரத்தில் இதைத் தனியாக விளக்க வேண்டுமா?)

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் டி.வி. ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர் இன்னும் 'கண்டென்ஸர்' என்றுதான் சொல்வார். அவர் மைக்ரோஃபாரடுக்கு முன்னால் பார்ப்பது டிகிரியை. "85 போட்டது வேணாம் சார், 105 வாங்குங்க. நம்ம ஊர் வெயிலுக்கு 85 தாங்காது."

பத்து டிகிரி குறைந்தால் எலெக்ட்ரோலிடிக்கின் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. மே மாதம், மூடிய பெட்டி, உள்ளே 65 டிகிரி என்று வையுங்கள். 85 டிகிரியில் 2000 மணி நேரம் என்று போட்டது 8000 மணி நேரம் வரும். ஒரு வருஷம்கூட இல்லை. 105 டிகிரியில் அதே 2000 என்றால் 32,000 மணி நேரம். மூன்றரை வருஷத்துக்கு மேல். விலை வித்தியாசம் சில ரூபாய்.