கொசுப்புழுக் கணக்கை யார் படிக்கிறார்கள்?

எங்கள் தெருவுக்குக் கொசு ஒழிப்புப் பணிக்கு ஒரு அக்கா வருகிறார். தண்ணீர்த் தொட்டி, பழைய டயர், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் நீர் சேரும் தட்டு என எதையும் விடமாட்டார். டார்ச் அடித்துப் பார்ப்பார். புழு நெளிந்தால் கொட்டிவிட்டு நோட்டில் குறித்துக்கொள்வார்.

நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு இருந்தது என்பதுதான் ஹவுஸ் இண்டெக்ஸ். அந்த எண் அறிக்கையாகி மேலே போகிறது. ஆனால் மழைக்காலம் வந்தாலே குறிப்பிட்ட சில தெருக்களில் மட்டும் ஏன் டெங்கு? குழாயில் தண்ணீர் தினமும் வராததால் ஜனங்கள் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைப்பதாலா? இப்படிக் கேட்டு, பல வருட நோட்டுகளை அடுக்கிப் பார்க்க நகராட்சிக்குள்ளேயே ஆள் வேண்டும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் ஆய்வு முடிந்ததும் போய்விடுவார்.

இப்படித் தரவுகளைச் சேர்த்து ஆராய்வது நம்மால் முடியாததில்லை. 2020 ஜூலையில் சென்னை மாநகராட்சியும் அயப்பாக்கத்திலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து 12,405 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தன. சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கொரோனா வந்துபோயிருந்தது. பதிவான எண்ணிக்கையைவிட அது பல மடங்கு. 1939-லேயே, சென்னை மாகாணமாக இருந்தபோதே, பொது சுகாதாரச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. பெருந்தொற்று வந்தால் மட்டும் இப்படி ஆய்வு நிறுவனத்தோடு கைகோப்பது போதாது.

உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்த்தால், சுகாதாரப் பிரிவில் தரவுகளை ஆராய ஒரு நிரந்தரப் பணியிடம் வேண்டுமென்று கேளுங்கள். பட்ஜெட்டுக்கு முன்பே கேளுங்கள்.