பாதிக் கல்

உள்ளங்கையிலே தேங்காய், உதட்டிலே முணுமுணுப்பு, நெற்றியிலே நீறு! நீரோட்டம் பார்ப்பவர் எங்கள் மேட்டுநிலத்தில் நடந்து வந்தார். படுத்திருந்த தேங்காய் ஓரிடத்தில் எழுந்து நின்றது. "தோண்டுங்கள், கீழே கங்கை ஓடுகிறது" என்றார். தோண்டினார் என் தந்தை. கங்கை வரவில்லை, கடன் வந்தது. இரண்டாவது கிணற்றுக்கு இன்னொரு தேங்காய், இன்னொரு கடன். மூன்றாவது கிணற்றோடு நிலமே கைமாறிற்று. வடார்க்காட்டுக் கரம்பில் மூன்று குழிகளையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்ற பள்ளிச் சிறுவன் நான். மண்ணுக்குக் கீழே உள்ளதை மந்திரத்தால் அல்ல, மதியால் காண்பவனாவேன் என்று அன்று உறுதி பூண்டேன்.

நண்பர்களே, அந்த உறுதியை நான் எப்படிக் காத்தேன் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். பெருமைப்படத்தக்க கதையல்ல.

நிலவியல் படித்தேன். 2003-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், செம்பு தேடும் ஒரு சுரங்க நிறுவனத்தின் உதவியாளனாக இராஜஸ்தானத்து ஆரவல்லிக் குன்றுகளிடையே கூடாரம் அடித்திருந்தேன். வடக்கே சிங்கானாவிலிருந்து தெற்கே இரகுநாத்கட் வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளும் கேத்ரிச் செம்புப் பட்டைக்கு அருகில் அந்த இடம். செம்புக்கு அங்கே பழம்பெரும் வரலாறு உண்டு. சீகர்ப் பகுதியின் கணேஷ்வரில், நாலாயிரம் ஆண்டுக்கும் முந்திய செப்பு அம்புமுனைகளும் தூண்டில் முட்களும் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன. மலைச்சரிவுகளில் பழையவர்கள் உருக்கி எறிந்த கசடு கருங்குவியலாக இன்றும் கிடக்கிறது. அரசுக்குச் சொந்தமான இந்துஸ்தான் காப்பர் நிறுவனம் 1967-இல் தோன்றி, கேத்ரிச் சுரங்கங்களை ஏற்று நடத்தியது. 1993-ஆம் ஆண்டுக் கனிமக் கொள்கை, செம்பு உள்ளிட்ட 13 கனிமங்களைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. 1999-இல் சட்டம் திருத்தப்பட்டு, பரந்த நிலப்பரப்பை முன்னாய்வு செய்ய உரிமம் வழங்கும் வழக்கமும் வந்தது. அதன் பின் வந்த கூடாரங்களில் ஒன்றுதான் எங்களுடையது.

என் கைக்குத் தேங்காய் இல்லை, கருவி இருந்தது! அதை எப்படிப் பயன்படுத்தினோம் என்று சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அந்த அழகில்தான் நான் மயங்கினேன். நிலத்தில் இரும்பு முளைகளை அடித்து மின்சாரத்தைச் செலுத்துவோம். சட்டென்று நிறுத்துவோம். வெறும் பாறையென்றால் மின்னழுத்தம் அக்கணமே விழுந்துவிடும். கந்தகத்தோடு கூடிய உலோகத் துகள்கள் கீழே சிதறிக் கிடந்தாலோ, அவை ஒவ்வொன்றும் குட்டி மின்கலமாகிச் சற்று நேரம் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்து, மெல்ல மெல்ல விடும். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக் கணக்கில் அதை அளப்போம். அளக்கும் முனை என்ன தெரியுமோ? மயில்துத்தக் கரைசல் நிரப்பிய சிறு மண்கலயம்! மயில்துத்தம் செம்பின் உப்பு. செம்பைக் கொண்டே செம்பைத் தேடினோம்.

இரும்பு முளையில் மின்சாரம் நன்றாக இறங்க, அதன் அடியில் உப்புநீர் ஊற்ற வேண்டும். முளைக்கு முளை, குடம் குடமாக. குடிநீருக்காகத் தலையில் இரண்டடுக்குப் பானை சுமந்து வரும் பெண்கள், நாங்கள் நீரில் உப்பைக் கொட்டி மண்ணில் ஊற்றுவதை நின்று பார்ப்பார்கள். ஒன்றும் சொல்லமாட்டார்கள். துளையிடும் எந்திரம் வந்தபின் நிலைமை இன்னும் மோசம். சுழலும் வைரமுனை சூடேறாதிருக்கவும், அரைத்த தூளை மேலே கொணரவும் நாள் முழுவதும் நீர் ஓட வேண்டும். அந்த ஊர்க் கிணற்றிலிருந்தே லாரித் தொட்டிகளில் வந்தது நீர். பணம் கிணற்றுக்காரருக்கு, தாகம் மற்றவர்க்கு!

கருவி காட்டிய இடமெல்லாம் செம்பு என்று எண்ணிவிடாதீர். பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டும் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும். முட்டாளின் பொன் என்று இகழப்படும் பைரைட்டும் பிடித்து வைக்கும். கருவி 'ஏதோ இருக்கிறது' என்றுதான் சொல்லும். 'இன்னது' என்று சொல்ல, துளை போட்டுக் கல்லை மேலே எடுக்கவேண்டும்.

துளை தொடங்கும் நாளில் எந்திரத்துக்குக் குங்குமம் பூசினார்கள், தேங்காய் உடைத்தார்கள், வெல்லம் பங்கிட்டார்கள். நான் தள்ளி நின்று சிரித்தேன். "வைரமுனைக்கு வெல்லம் எதற்கு?" என்று கேலி பேசினேன். எவ்வளவு அறிவாளி நான்!

மேலே வருவது உருளை வடிவான கல். சுரங்கத்தார் அதைக் கோர் என்பர். 47.6 மில்லிமீட்டர் விட்டம், கை மணிக்கட்டின் பருமன். மூன்று மூன்று மீட்டராக வெளியே எடுத்து, நீள் மரப்பெட்டிகளில் வரிசை குலையாமல் அடுக்கி, எத்தனையாவது மீட்டர் என்று கட்டையில் எழுதி வைப்போம். பிறகுதான் முக்கியமான வேலை. வைரப்பல் வைத்த அரத்தால் கல்லை நீளவாக்கில் இரண்டாக அறுப்பார்கள். ஒரு பாதி பையில் கட்டி ஆய்வகத்துக்கு. மறு பாதி பெட்டியிலேயே. ஏன்? நாளை ஒருவர் வந்து, "உன் கணக்கை நான் நம்பவில்லை" என்றால், "இதோ மறுபாதி, நீயே அறுத்துப் பார்" என்று காட்டுவதற்கு. நீரோட்டக்காரரின் தேங்காய்க்கு மறுபாதி உண்டோ!

இதைப் பெருமிதத்தோடு நான் எடுத்துச் சொன்னது, கொட்டகையில் கல் அறுக்கும் முதியவரிடம். அந்த ஊர்க்காரர், எழுத்தறியாதவர், தலையில் வெளுத்த செந்நிற முண்டாசு. அவர் பேசியது சேகாவாட்டி, நான் பேசியது உடைந்த இந்தி. இருவருக்கும் இந்தி வேற்றுமொழிதான் என்பதில் எனக்கோர் அற்ப மகிழ்ச்சி. "பையும் பெட்டியும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்கவேண்டும். உலோக நரம்பு ஓடினால், அந்த நரம்பே இரண்டாகப் பிளக்கும்படி அறுக்கவேண்டும்" என்றேன். அவர் ஒரே நாளில் கற்றுக்கொண்டார். கல்லை நீரில் நனைத்தால்தான் துகள் தெரியும் என்பதையும் கற்றுக்கொண்டார். பித்தளை மஞ்சளாய் மின்னும் சால்கோபைரைட் எது, வெளிறிய பைரைட் எது என்று என்னைவிட விரைவாகச் சொல்லலானார்.

முதல் மூன்று துளைகளும் ஏமாற்றின. கிராஃபைட்டும் பைரைட்டுமே வந்தன. இதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டாமில் 1975-இல் போட்ட முதல் துளை, 350 மீட்டர் ஆழத்துக்குக் கீழே, 38 மீட்டர் அளவுக்கு நூற்றுக்கு ஒரு பங்குச் செம்பைக் காட்டியது. பின்னர் வந்தவற்றில் பல கைவிரித்தன. 1976-இல், பத்தாவது துளையில்தான் 170 மீட்டருக்கு நூற்றுக்கு இரண்டு பங்கென்று செம்பு வந்து, உலகின் பெருஞ்சுரங்கங்களில் ஒன்று பிறந்தது. வெறுந்துளையும் ஒரு விடைதான். ஆனால் பங்கு வாங்கியவர்கள் அந்த விடைக்காகப் பணம் போடவில்லையே!

நான்காவது துளையில் 214-ஆம் மீட்டரில் மஞ்சள் தெரிந்தது. விரல் பருமனில் ஒரு நரம்பு. அது கல்லின் நடுவே ஓடவில்லை, ஒரு பக்கமாக ஒட்டியே இரண்டு மீட்டர் நீளம் இறங்கிற்று. மறுவாரம் பணம் போட்டவர்கள் பார்வையிட வருவதாக இருந்தார்கள். மேலாளர் கொட்டகைக்கு வந்தார். கல்லை எடுத்துப் பார்த்தார். "நல்ல பக்கம் பைக்குப் போகட்டும்" என்றார். அவ்வளவே. அதட்டவில்லை, அச்சுறுத்தவில்லை. ஒரே ஒரு வரி.

நான் கல்லைத் திருப்பி வைத்தேன். நரம்பு முழுவதும் ஒரு பாதியில் விழும்படி, சுண்ணக்கட்டியால் கோடும் போட்டேன். முதியவர் என்னைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், அறுத்தார். பையைக் கட்டும்போது மெதுவாகக் கேட்டார்: "பாபுஜி, பையும் பெட்டியும் இரட்டைப் பிள்ளைகள் என்றீர்களே?"

"இது வேறு" என்றேன்.

வேறா? என் தந்தையின் நிலத்தில் கங்கை ஓடுகிறது என்றவனும், அவனளவில் அது வேறு என்றுதான் சொல்லியிருப்பான்! குங்குமத்தைக் கண்டு சிரித்த நான், சுண்ணக்கட்டியால் கோடு கிழித்துக் குறிசொல்லியாகிவிட்டேன். எங்கள் தொழிலில் அப்போது எவருக்கும் மறக்காத பாடம் ஒன்று இருந்தது. இந்தோனேசியாவின் புசாங்கில், பிரீ-எக்ஸ் என்னும் கனடா நிறுவனம் தங்கமலை கண்டதாகக் கூறி உலகை ஏய்த்து, 1997-இல் அம்பலமாயிற்று. அங்கே கல்லைப் பாதியாக அறுத்து வைக்கவேயில்லை. முழுக் கல்லையும் ஆய்வுக்கென்று அரைத்துவிட்டு, தூளில் தங்கத்தைத் தூவினார்கள். அதற்குப் பின்னர்தான் கனடா 2001-இல் புதிய அறிவிப்பு விதிகளைக் கொணர்ந்தது. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கோடு போட்டேன்.

ஆய்வகம் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் செம்பு என்றது. வந்தவர்கள் கைகுலுக்கினார்கள். எனக்குச் சம்பள உயர்வும் கிடைத்தது.

மூன்று மாதம் கழித்து, வெளியிலிருந்து ஓர் அம்மையார் கணக்குச் சரிபார்க்க வந்தார். பெட்டிகளைத் திறந்தார், நனைத்தார், நெடுநேரம் பார்த்தார். "214-ஐ மறுபடி அறுங்கள்" என்றார். பெட்டியிலிருந்த பாதி இரண்டாகி, ஒரு கால்பங்கு வேறோர் ஆய்வகத்துக்குச் சென்றது. நூற்றுக்கு அரைப் பங்குகூடத் தேறவில்லை என்று பதில் வந்தது. முதல் பைக்கும் இதற்கும் ஏன் இந்த வேறுபாடு? கொட்டகையில் எல்லோரையும் நிறுத்திக் கேட்டார். மேலாளர் முந்திக்கொண்டார்: "படிப்பில்லாத கூலியாள். எப்படி அறுப்பதென்று தெரியவில்லை."

முதியவர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே அவருக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். உழுதால் விளையாத மண், குடித்தால் உவர்க்கும் நீர். அந்த நாட்கூலிதான் அவர் வீட்டு அடுப்பை எரித்தது. பதினொரு நாள் நான் உறங்கவில்லை என்று எழுத ஆசைதான். பொய். உறங்கினேன், உண்டேன், அளந்தேன். பன்னிரண்டாம் நாள்தான் அந்த அம்மையாருக்கு, கோடு போட்டவன் நான் என்று கடிதம் எழுதினேன். நன்றி என்று இரண்டு வரியில் பதில் வந்தது. என் வேலை போயிற்று. சில வாரங்களில் நிறுவனமும் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போயிற்று. தங்கள் நிலத்தின் கீழே என்ன இருந்தது, என்ன இல்லை என்று ஊராரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

2012-இல் வேறொரு வேலையாக ஜுன்ஜுனுப் பக்கம் போக நேர்ந்தது. கால்கள் அந்த ஊருக்கு இழுத்துச் சென்றன. கொட்டகைக்குக் கூரையில்லை. மரப்பெட்டிகள் அடுப்புக்குப் போய்விட்டன. அறுத்த கற்கள் வாய்க்கால் ஓரத்திலும் மாட்டுத்தொட்டியின் விளிம்பிலும் பதிந்து கிடந்தன. முதியவரின் வீட்டைத் தேடிப் போனேன். கண் மங்கியிருந்தது, குரலை வைத்து அறிந்துகொண்டார். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். நான்காவது துளை. 210-இலிருந்து 215 வரை. ஒரு துண்டுகூட வரிசை மாறவில்லை.

"யாராவது வந்து கேட்டால் காட்டவேண்டுமே. அதற்காக வைத்திருக்கிறேன், பாபுஜி. நீங்கள்தான் முதலில் வருகிறீர்கள்."

செம்பு லோட்டாவிலிருந்து கொஞ்சம் நீரை ஊற்றி 214-ஐ நனைத்தார். கால்பங்குக் கல், அரம் பட்ட முகம் இரண்டு. கருங்கல்லில் இரண்டோ மூன்றோ மஞ்சள் புள்ளிகள்.

நான் எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்குப் போகும் பேரனைக் கூப்பிட்டு அருகே உட்காரவைத்தார்.

"அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், இவன் கேட்கட்டும். நகல் வைத்திருப்பீர்கள் அல்லவா?" என்றார்.

என்னிடம் நகல் இல்லை.