வீட்டுத் தச்சுப் பட்டறையின் முதல் கருவிகள்

வீட்டின் ஓர் அறை மூலையிலோ மொட்டைமாடிக் கொட்டகையிலோ தச்சுவேலையைத் தொடங்க விரும்புபவர் முதலில் எந்தக் கருவியை வாங்க வேண்டும் என்று கேட்டால், கருவிக் கடைகள் பெரும்பாலும் மின்கருவிகளையே எடுத்துக் காட்டுகின்றன. துளையிடும் இயந்திரமும் வட்ட ரம்பமும் ஜிக்சாவும் பளபளக்கும் பெட்டிகளில் முன்வரிசையில் நிற்க, மூலைமட்டமும் சாணைக்கல்லும் அடித்தட்டில் கிடப்பதால், புதியவரின் கண்ணில் அவை படுவதே இல்லை. ஆனால் மரவேலை எப்படி நடக்கிறது என்பதைக் கூர்ந்து பார்ப்பவருக்கு இந்த வரிசை தலைகீழானது என்பது விளங்கும். எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் கருவியும், வெட்டும் விளிம்பைக் கூராக வைத்திருக்கும் கருவியும் முதலில் வர வேண்டும். வெட்டுகிற கருவிகள் அவற்றின் பின்னால் வர வேண்டும். இயந்திரங்களோ, அவற்றின் தேவை வேலையிலேயே தெரிந்த பிறகு வந்தால் போதும்.

இது கைவினையில் நெடுங்காலம் ஊறியவர்களின் கருத்தோடு ஒத்துப்போவதே. லண்டனில் அச்சுத்தொழில் செய்த ஜோசப் மோக்சன் 1678 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட கைத்தொழில் நூலில் இணைப்புத் தச்சர் கையாளும் இழைப்புளிகளும் உளிகளும் ரம்பங்களும் விளக்கப்படுவதோடு, மூலைமட்டமும் கோடு கிழிக்கும் கருவிகளும் அதே அக்கறையோடு விளக்கப்படுகின்றன. அமெரிக்கத் தச்சுநூலாசிரியர் கிறிஸ்டோபர் ஷ்வார்ஸ் 2011இல் வெளியிட்ட நூலொன்றில், ஐம்பதுக்கும் குறைவான நல்ல கருவிகள் இருந்தால் வீட்டுக்கு வேண்டிய மரச்சாமான்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்று வாதிட்டார். தொடங்குபவருக்கு அந்த எண்ணிக்கையிலும் நான்கில் ஒரு பங்கு போதும்.

குறியிடும் கருவிகளில் தலையாயது மூலைமட்டம், அதாவது இரண்டு விளிம்புகள் ஒன்றுக்கொன்று செங்கோணமாக, 90 பாகையில், இருக்கின்றனவா என்று காட்டும் கருவி. ஒரு பலகையின் முனை செங்கோணத்தில் இல்லாவிட்டால் அதில் வெட்டப்படும் ஒவ்வொரு இணைப்பும் அந்தக் கோணலைத் தன்னோடு சுமந்து செல்லும். நான்கு முனைகள் சேரும் பெட்டியில் அது கூடிப்போய், மூடி பொருந்தாமல் நிற்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியவரும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லாராய் ஸ்டாரெட் 1879இல் காப்புரிமை பெற்ற, அளவுகோலின்மீது தலை நகரக்கூடிய மூலைமட்டம் ஒன்றே செங்கோணத்தையும் 45 பாகையையும் காட்டுவதோடு, ஆழம் அளக்கவும் விளிம்புக்கு இணையாகக் கோடு போடவும் உதவுவதால், ஒன்றே ஒன்று வாங்க முடிந்தவருக்கு அதுவே தகுந்தது. எந்த மூலைமட்டத்தையும் கடையிலேயே சோதித்துப் பார்க்க முடியும். நேரான விளிம்புள்ள பலகை ஒன்றில் மட்டத்தைப் பொருத்தி ஒரு கோடு கிழித்துவிட்டு, மட்டத்தைத் திருப்பி வைத்து அதே புள்ளியிலிருந்து மீண்டும் ஒரு கோடு கிழிக்க வேண்டும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரியானது. விலகினால், மேல்முனையில் தெரியும் இடைவெளி உண்மையான பிழையைப்போல் இரு மடங்கு. இந்தச் சோதனையைச் செய்யவிடாத கடையில் மூலைமட்டம் வாங்காமல் திரும்பிவிடுவது நல்லது.

கோட்டைப் பென்சிலால் போடுவதா கத்தியால் கீறுவதா என்பது சிறிய விஷயம்போல் தோன்றினாலும், இணைப்பின் தரத்தை அதுவே தீர்மானிக்கிறது. நன்றாகச் சீவிய பென்சிலின் கோட்டுக்கும் அரை மில்லிமீட்டர் அளவில் ஓர் அகலம் உண்டு. வெட்டுபவர் அதன் எந்தப் பக்கம் வெட்டினார் என்பதைப் பொறுத்து இணைப்பு இறுகவோ தளரவோ செய்யும். கத்தியின் கீறலுக்கு அகலம் இல்லை. அதற்கும் மேலாக, மரநார்களை அது முன்கூட்டியே அறுத்துவிடுவதால், உளியின் நுனி அந்தக் கீறலில் தானாகவே சென்று அமர்கிறது, மேற்பரப்பும் பிசிறு இல்லாமல் நிற்கிறது. ஒரு பக்கம் மட்டும் சரிவுள்ள சிறிய கத்தி ஒன்றும், பலகையின் விளிம்புக்கு இணையாகக் கோடு கிழிக்கும் மார்க்கிங் கேஜ் ஒன்றும் அதிகச் செலவு இல்லாதவை, ஆனால் பிற்பாடு எந்த இயந்திரத்தாலும் ஈடுசெய்ய முடியாதவை.

அடுத்தது சாணைக்கல். புதிதாக வாங்கிய உளி பெட்டியிலிருந்து எடுத்தவுடனே வேலைக்கு ஆகும் என்று நம்புவதே புதியவர்கள் மனம் தளர்வதற்குப் பெரிய காரணம். பெரும்பாலான உளிகள் தொழிற்சாலையில் 25 பாகைச் சரிவோடு தீட்டப்பட்டு வந்தாலும், அந்த விளிம்பு மரத்தைச் சீவத் தேவையான கூர்மைக்கு இன்னும் வந்திருக்காது. பின்புறமும் முழுத் தட்டையாக இருக்காது. கூர்மை என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு என்பதால், சரிவை எவ்வளவு தீட்டினாலும் பின்புறம் கரடாக இருந்தால் அந்தக் கோடும் கரடாகவே இருக்கும். எனவே முதலில் உளியின் பின்புறத்தை, நுனியிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் வரையேனும், கல்லின்மீது படிய வைத்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் பளபளக்கச் செய்ய வேண்டும். இந்த வேலை உளியின் ஆயுளில் ஒருமுறை செய்தால் போதும். பிறகு சரிவைச் சற்றே தூக்கி 30 பாகையில் நுனியை மட்டும் தேய்க்கும்போது, பின்புறத்தில் விரலால் தடவினால் நுனியின் முழு அகலத்துக்கும் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அந்தப் பிசிறு எழும்பிவிட்டது என்பதே எஃகு விளிம்புவரை தேய்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம். அது எழும்பும் முன் நுண்ணிய கல்லுக்கு மாறுபவர் எவ்வளவு நேரம் தேய்த்தாலும் கூர்மையை எட்டமாட்டார். 1000 மணித்தரமுள்ள கல்லில் பிசிறை எழுப்பி, 6000 அல்லது 8000 மணித்தரமுள்ள கல்லில் அதைத் தேய்த்து நீக்கிவிட்டால், மரத்தின் குறுக்குவெட்டு முகத்தை, அதாவது நார்களின் நுனிகள் தெரியும் முகத்தை, நொறுக்காமல் மெழுகுபோல் சீவும் விளிம்பு கிடைக்கிறது. மணித்தரம் என்பது கல்லில் உள்ள தேய்ப்புத் துகள்களின் நுண்மையைக் குறிக்கும் எண்; எண் பெருகப் பெருகத் துகள் சிறுக்கிறது.

மலிவாகத் தொடங்க நினைப்பவருக்கு, ஒருபுறம் கரடாகவும் மறுபுறம் நுண்மையாகவும் உள்ள எண்ணெய்க்கல்லே போதுமானது. இக்கற்களில் பலவற்றின் மூலப்பொருளான சிலிக்கன் கார்பைடு, எட்வர்ட் ஆச்சிசன் 1890களின் தொடக்கத்தில் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் பெருவெப்பத்துக்கு உள்ளாக்கியபோது கிடைத்து, கார்போரண்டம் என்ற வணிகப் பெயரோடு உலகெங்கும் பரவியது. தேய்ப்புக் கற்களையும் உப்புத்தாளையும் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954இல் சென்னையில் தொடங்கப்பட்டதால், தமிழகத்துப் பட்டறைகளுக்கு இந்தப் பொருள் புதியதன்று. நம் ஊரில் விரும்பப்படும் தேக்கில் மணலின் மூலப்பொருளான சிலிக்கா கலந்திருப்பதால் அது உளியையும் இழைப்புளித் தகட்டையும் விரைவில் மழுக்கிவிடும் என்பதும் சாணைக்கல்லை முதல் கொள்முதலில் சேர்க்க ஒரு வலுவான காரணம்.

கூராக்கத் தெரிந்தபின் உளிகளின் எண்ணிக்கை பெரிதாகத் தேவைப்படாது. எட்டு, பத்து உளிகள் அடங்கிய மலிவான பெட்டியைவிட, 6, 12, 25 மில்லிமீட்டர் அகலமுள்ள மூன்று நல்ல உளிகள் மேலானவை. ஏனெனில் மலிவான எஃகு கூர்மையை ஏற்கும், ஆனால் தக்கவைக்காது. பக்கவாட்டு விளிம்புகள் சாய்வாகச் சீவப்பட்ட உளி மூலைகளுக்குள் நுழைவதால் முதல் தேர்வு அதுவே. உளியைத் தட்ட இரும்புச் சுத்தியலைப் பயன்படுத்தினால் பிடி பிளக்கும். அதற்கென்று உள்ள மரச்சுத்தியான கொட்டாப்புளியைப் புளியமரம் போன்ற கெட்டியான மரத்துண்டில் தாமே செய்துகொள்வது, புதிய பட்டறையின் மிகப் பொருத்தமான முதல் வேலையும் ஆகும்.

ரம்பத்தைப் பொறுத்தவரை, நாரோட்டத்தின் திசையில் பிளப்பதும் அதற்குக் குறுக்கே அறுப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதை அறிந்து வாங்க வேண்டும். பிளக்கும் ரம்பத்தின் பற்கள் சிறிய உளிகளாய் நாரைச் செதுக்கி எடுக்கின்றன. குறுக்கு ரம்பத்தின் பற்கள் சிறிய கத்திகளாய் நாரை அறுக்கின்றன. ஜப்பானிய ரியோபா ரம்பத்தில் ஒரு விளிம்பில் ஒருவகைப் பல்லும் மறு விளிம்பில் மற்றவகைப் பல்லும் இருப்பதோடு, அது இழுக்கும்போது அறுப்பதால் தகடு விறைப்பாக நின்று, தள்ளி அறுக்கும் ரம்பத்தைவிட மெல்லியதாக இருக்க முடிகிறது. மெல்லிய தகடு குறைந்த மரத்தையே தூளாக்குகிறது, கைக்கும் உழைப்பு குறைகிறது. இடப்பற்றாக்குறை உள்ள வீட்டுக்கு இந்த ஒரு ரம்பம் இரண்டின் வேலையைச் செய்யும். நுனி மட்டும் கடினப்படுத்தப்பட்ட பற்களுள்ள ரம்பங்களை அரத்தால் தீட்ட முடியாது, மழுங்கியதும் மாற்றத்தான் வேண்டும். ஆயினும் ரம்பப் பல் தீட்டுவது தனிக்கலை என்பதால், தொடங்குபவருக்கு அதை ஒரு குறையாகச் சொல்ல வேண்டியதில்லை.

இழைப்புளியில் எந்த அளவு முதலில் என்பது தச்சர்களிடையே ஓயாத விவாதம். இன்று கடைகளில் கிடைக்கும் இரும்பு இழைப்புளிகளின் அமைப்பு, அமெரிக்கரான லியனார்ட் பெய்லியிடமிருந்து 1869இல் ஸ்டான்லி நிறுவனத்துக்குச் சென்றது. அளவுகளுக்கு அந்நிறுவனம் இட்ட எண்களே இன்றும் பொதுவழக்கு. நான்காம் எண் சுமார் 24 சென்டிமீட்டர் நீளமும் ஐந்தாம் எண் சுமார் 35 சென்டிமீட்டர் நீளமும் உடையவை. நீண்ட அடிப்பரப்பு பள்ளங்களைத் தாண்டி மேடுகளை மட்டும் சீவுவதால், ஒன்றே வாங்குவதானால் ஐந்தாம் எண்ணே ஏற்றது. பலகையைச் சமப்படுத்தவும் விளிம்பை நேராக்கவும் அதனால் முடியும், கவனத்தோடு தகட்டை அமைத்தால் மேற்பரப்பை மெருகேற்றவும் முடியும். இழைக்கும்போது நார் பிய்ந்துவருகிறது என்றால், வெட்டும் தகட்டின்மேல் அமரும் மடிப்புத் தகட்டை நுனியிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் நெருக்கி வைத்துப் பார்க்க வேண்டும். சுருள் எழும்பியவுடன் அது வளைக்கப்படுவதால் பிளவு முன்னே ஓடாமல் தடுக்கப்படுகிறது. பழைய இரும்பு இழைப்புளி ஒன்று துருவோடு கிடைத்தாலும், அடிப்பரப்பில் விரிசல் இல்லாதவரை, அது புதிய மலிவான இழைப்புளியைவிட நல்ல கொள்முதலாகும்.

பசை காயும்வரை பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்புகள் நான்கும், மரம் அசையாமல் நிற்கும் கனமான மேசை ஒன்றும் இவற்றோடு சேர வேண்டும். இயந்திரங்களில் துளையிடும் இயந்திரம் மட்டும் தொடக்கத்திலேயே இடம் பெறத்தக்கது, ஏனெனில் சுவரும் திருகாணியும் உள்ள எந்த வீட்டிலும் அது சும்மா கிடக்காது. மற்றவற்றுக்கு அவசரம் வேண்டியதில்லை: அடுக்ககத்தில் வட்ட ரம்பத்தின் ஓசை அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கும், அது எழுப்பும் தூள் நுரையீரலுக்குள் செல்லும். மரத்தூளை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆகவே உப்புத்தாளால் கையால் தேய்ப்பவரும் முகக்கவசம் அணிந்தே ஆக வேண்டும்.

கையில் உள்ள பணம் குறைவாக இருந்தால், ஒரு மூலைமட்டம், ஒரு குறிகத்தி, ஒரு சாணைக்கல், ஒரு 12 மில்லிமீட்டர் உளி, ஒரு ரம்பம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, மரக்கடையில் கழித்துப்போட்ட வேம்பு அல்லது மாமரத் துண்டுகளில் வேலையைத் தொடங்குங்கள். இழைப்புளியை அடுத்த மாதம் வாங்கலாம். அதற்குள் உளியைத் தீட்டப் பழகியிருப்பீர்கள், இழைப்புளித் தகட்டைத் தீட்டுவதும் அதே வேலைதான்.