நலமாக இருக்கும் நாளுக்கும் மருந்து



எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண் அழற்சி இருப்பது 2014-இல் தெரிய வந்தது. முதலில் ஸ்டீராய்டு மாத்திரையால் இரத்தப்போக்கு அடங்கியது. பிறகு அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திய மருத்துவர், மெசலசின் மாத்திரையை மட்டும் நாள்தோறும் தொடரச் சொன்னார்.

ஓராண்டு எவ்விதத் தொல்லையும் இல்லை. நன்றாகத்தானே இருக்கிறோம், இனி மருந்து எதற்கு என்று எண்ணி, எவரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். நான்காம் மாதம் நோய் திரும்பியது. வாய்ப்பாடு ஒப்புவித்துக்கொண்டிருந்த மூன்றாம் ஆண்டு மாணவர்களை அப்படியே விட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன். அன்று காலையில் மட்டும் ஐந்து முறை.

மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. "மருந்து வேலை செய்ததால்தான் சார் நீங்கள் நலமாக இருந்தீர்கள்" என்றார். தெரிந்த வாய்ப்பாட்டையும் தினமும் சொல்லிப் பார்க்கச் சொல்லும் எனக்கு, அது புரியாமல் போனதே!

இன்று மாத்திரையை ஒருநாளும் தவறவிடுவதில்லை. அம்மருந்து அரிதாகச் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனை உண்டு. நீண்டகால அழற்சி புற்றுநோய்க்கு வழிவிடலாம் என்பதால் கொலனோஸ்கோபியும் உண்டு.

பெற்றோர்களே, பிள்ளை தேறிவிட்டது என்று நீண்டகால மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். ஆசிரியர்களே, "ஐயா, கழிப்பறைக்குப் போகலாமா?" என்று மீண்டும் கேட்கும் மாணவனிடம், "இப்போதுதானே போனாய்?" என்று கேட்காதீர்கள்.

நானும் அப்படிக் கேட்டவன்தான்.